மூன்றாம் கியரில் என் கை

ஏனுங்க,

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் வலது உள்ளங்கையில் கியர் ராடின் ரப்பர் வாசம் போகவில்லை. மூன்றாம் முறை கழுவ மனம் வரவில்லை. நம் பழைய பிக்கப்பை விற்ற பிறகு இந்தக் கைக்கு இந்த வாசம் வந்தது இன்றைக்குத்தான்.

நம் பேத்தி வண்டி வாங்குகிறாள். நிட்டிங் கம்பெனியிலிருந்து சாயப்பட்டறைக்குத் துணி ரோல் ஏற்றிப் போகும் வேலை. நீங்கள் இருந்தபோது பார்த்த அதே வேலைதான். வருகிற திங்கட்கிழமை முதல் அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் வண்டி படுத்துக்கொண்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். பழைய வண்டியானாலும் நிற்காமல் ஓட வேண்டும். அவிநாசிபாளையத்தில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுக் காலையில் இருவரும் போனோம்.

வண்டிக்காரர் வீட்டு அம்மா, "வாங்க, வாங்க. மொதல்ல காப்பி குடிங்க" என்றார்.

"வண்டியப் பாத்துப்போட்டு வாறமுங்க. அப்பறம் ரெண்டு டம்ளராக் குடுங்க, குடிக்கிறேன்."

பேத்தி என்னை முறைத்தாள். மரியாதை தெரியாமல் பேசிவிட்டேன் என்று நினைத்திருப்பாள். குண்டடத்தில் நமக்கு நடந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

அன்று வண்டி பார்க்கப் போன நாம் சாப்பிட உட்கார்ந்துவிட்டோம். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார்கள். கை கழுவி வந்து வண்டியில் ஏறினால் கியர் ராடு தொளதொளவென்று ஆடுகிறது. நான் கண்ணைக் காட்டினேன். நீங்கள் என் காதோரம், "சோறு போட்டவிங்க வண்டியக் குலுக்கிப் பாக்கறதா? சும்மா இரு" என்றீர்கள். ஓட்டிக்கூடப் பார்க்காமல் வாங்கினோம். பல்லடம் வருவதற்குள் மூன்றாம் கியர் நான்கு முறை நழுவியது.

கியர் பெட்டியைப் பிரித்து வேலை பார்க்கப் பணம் சேர நமக்கு ஒரு வருடம் ஆனது. அதுவரை நான்தான் அந்த வண்டிக்குப் பூட்டு. மூன்றாம் கியர் போட்டதும் பக்கத்தில் உட்கார்ந்து ராடைப் பிடித்துக்கொள்வேன். ஆக்சிலேட்டரிலிருந்து நீங்கள் காலை எடுத்தால் போதும், கட்டுத்தறியில் திமிறும் கன்று மாதிரி ராடு என் கையைத் தள்ளும். பெட்டிக்குள் கியர்ப் பல் தேய்ந்த வண்டி அப்படித்தான் தள்ளும் என்று மெக்கானிக் சொன்னார்.

"ஒரு நேரச் சோத்துக்கு இத்தனை கூலியாங்க?" என்று நான் கேட்டால், "கோழி நல்லா இருந்துச்சில்ல?" என்பீர்கள்.

இன்றைய வண்டியிலும் ராடு அதே போல் ஆடியது. பேத்தியின் முகம் வாடிவிட்டது. "வேண்டாம் அம்மாயி, போலாங்க."

"இரு கண்ணு. எங்க ஆடுதுன்னு பாக்கோணும்."

இஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தோடு அவள் வண்டிக்கு அடியில் போனாள். நான் மேலே உட்கார்ந்து ராடை ஆட்டினேன்.

"அம்மாயி! நீங்க அவ்வளவு ஆட்டறீங்க, கீழ பொட்டிக்குப் போற கம்பி அசையவே இல்லைங்க!"

வெளியே வந்து படம் காட்டினாள். ராடும் கம்பியும் சேரும் இடத்தில் புஷ் என்கிற பிளாஸ்டிக் வளையம் பொடிந்து கிடந்தது. அது சின்ன வேலை. ஆனால் பெட்டிக்குள் பல் எப்படி இருக்கிறதோ?

ராடைக் கடைசி வரை தள்ளினால் கியர் விழுந்தது; அப்படியே அவள் ஓட்டினாள். மேட்டில் மூன்றாம் கியர் போட்டதும் ராடின் மேல் என் கையை லேசாக வைத்தேன்.

"இப்பக் காலை எடு."

எடுத்தாள். ராடு நடுங்கியது, தள்ளவில்லை. இன்னொரு முறையும் எடுக்கச் சொன்னேன். இரண்டாம் கியரிலும் பார்த்தோம். எங்கும் கரகரப்பு இல்லை. ரிவர்ஸும் சுகமாக விழுந்தது.

"என்னங்க அம்மாயி, வாயத் தொறந்து சொல்லுங்க!"

"வாங்கு கண்ணு."

காப்பி கொடுக்கும்போது வண்டிக்காரர், "எத்தனை வருசமா வண்டி ஓட்டறீங்கம்மா?" என்று கேட்டார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க."

பேத்தி சிரித்த சிரிப்பில் காப்பி சிந்திவிட்டது.

மத்தியானம் புஷ் மாற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம். ராடு ஆடாமல் நிமிர்ந்து நின்றது. பேத்தி நன்றாக ஓட்டுகிறாள். உங்களை விட நிதானம். மூன்றாம் கியர் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மாயி, கையை எடுங்க. அது தானா நிக்குது."

எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தபோதெல்லாம் என் விரல்கள் தாமாகவே மடங்கின.