அவன் சாப்பிட்ட கடை

பெரியவளுக்கு,

தம்பியின் உடலை ஊருக்குக் கொண்டுவந்த அன்று எடுக்க முடியாமல் போன துணிகளை எல்லாம் எடுத்து, அவன் அறையைக் காலி செய்துவிட்டேன். நாளை ரயில்.

"இந்த ஊர்ச் சாப்பாட்டை அடிச்சுக்க முடியாதும்மா" என்று போனில் பெருமையடிப்பானே, அதை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கத் தோன்றியது. விடுதிக்காரர் சொன்ன பெரிய ஓட்டலுக்குப் போகவில்லை. "உள்ளூர்க்காரங்க எங்க சாப்பிடுவாங்க?" என்று டாக்சிக்காரரிடம் கேட்டேன். பஸ் பணிமனைக்குப் பின்னால், நாலு பெஞ்சு போட்ட ஒரு கடையில் இறக்கிவிட்டார்.

கடைக்கார அம்மாவிடம் அவன் படத்தைக் காட்டினேன்.

"இந்தத் தம்பியா? தினம் வரும். ஒரே ஒரு வாய் எடுத்துட்டு, மீதியை அப்படியே வெச்சிட்டுப் போயிடும். நல்லா இல்லையாப்பான்னு கேட்டேன். 'எனக்குத்தான் எதுவும் இறங்க மாட்டேங்குது. சாப்பிட்டியான்னு அம்மா கேப்பாங்க, பொய் சொல்ல மனசு வரல'ன்னுச்சு. இப்ப எங்க இருக்கு?"

"வீட்டுக்கே வந்துட்டான்மா" என்றேன்.

"நல்லதாப் போச்சு. அம்மா கையால சாப்பிட்டா உடம்பு தேறிடும்" என்றார்.

எனக்கு வைத்த தட்டைத் தொடாமலே எழுந்து வந்துவிட்டேன்.

அங்கே என்ன சாப்பிட்டான் என்று அம்மா வாசலிலேயே கேட்பாள். வயிறாரச் சாப்பிட்டான் என்றுதான் சொல்லப்போகிறேன். நீயும் அப்படியே சொல்லம்மா. இதைத் தனியாகச் சுமக்க என்னால் முடியாது.

உன் அப்பா