உப்பு ஐஸில் வைத்த ரத்தம்

"சார், ரெண்டு தராசு ரெண்டு எடை காட்டுதுனு வைங்க. எது பொய் சொல்லுதுனு எப்டி கண்டுபிடிப்பீங்க?" என்று ஒருமுறை கேட்டீர்கள், டாக்டரம்மா. இன்று ஆரம்பாக்கம் ரயிலடியில் ஒரு மீன் பெட்டி என் காலருகே கசிந்துகொண்டிருந்தது. அந்த வாடையில் உங்கள் கேள்வி திரும்பி வந்தது.

அப்போது உங்கள் கால்நடை மருந்தகத்துக்குக் கையடக்கமான ரத்தப் பரிசோதனைக் கருவி ஒன்று வந்திருந்தது. அதை நம்பலாமா என்று அறிய, ஒரே மாட்டின் ரத்தத்தைக் கருவியிலும் பார்த்து, நகரத்து லேபுக்கும் அனுப்பினீர்கள். ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க என்னையும் கூப்பிட்டுக்கொண்டீர்கள். பல நேரம் இரண்டும் ஒத்துப்போகவில்லை. எல்லோரும் கருவியைத்தான் சந்தேகப்பட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் தேவகியின் பசு கன்று போட்டுவிட்டுப் படுத்தது. கால்சியம் ஏற்றியும் எழவில்லை. பாஸ்பரஸ் குறைவு என்றது கருவி. குறைவில்லை என்றது லேப்.

"இன்னா டாக்டரம்மா, ஆளுக்கு ஒண்ணு சொன்னா நான் யார நம்பறது? நாளைக்கு அடிமாட்டுத் தரகர் வந்து நிப்பாரு" என்றாள் தேவகி.

நீங்கள் லேபுக்குப் போன் போட்டு ஒன்றுதான் கேட்டீர்கள்: ரத்தத்திலிருந்து பிரித்த நீர் என்ன நிறம்? மஞ்சளாக இருக்க வேண்டியது சிவந்திருந்ததாம். உடனே, ரத்தம் அடைத்த குழாய்களை லேபுக்குத் தன் மீன் பெட்டியில் கொண்டுபோகும் கறீம் பாயைக் கூப்பிட்டீர்கள்.

"எப்டி வச்சீங்க பாய்?"

"நல்ல எறா வைக்கற மாதிரிதாம்மா. ஐஸுல பொதச்சு, மேல உப்பு தூவி. கெட்டுப்போவக் கூடாதில்ல?"

"மாட்டு ரத்தத்த கருவாடு போட்டுட்டீங்களே பாய்!" என்றீர்கள். அழுதுகொண்டிருந்த தேவகியே சிரித்துவிட்டாள்.

உப்பு சேர்ந்தால் ஐஸ் இன்னும் குளிரும்; அந்தக் குளிரில் ரத்தமே ஐஸாக உறைந்து, ரத்த அணுக்கள் உடைந்து, உள்ளே இருந்த பாஸ்பரஸ் வெளியே வந்து அளவைக் கூட்டியிருந்தது. இரண்டு தராசும் பொய் சொல்லவில்லை. வழியில் சரக்குதான் மாறியிருந்தது. புதிதாக ரத்தம் எடுத்துக்கொண்டு, பசுவுக்குப் பாஸ்பரஸ் மருந்து ஏற்றினீர்கள். அந்தக் குழாயைத் துண்டில் சுற்றி, ஐஸ் நேராகப் படாமல், நானே ரயிலில் கொண்டுபோனேன். இந்த முறை லேபும் கருவியும் ஒன்றையே சொல்லின.

மறுநாள் தரகர் வந்தபோது பசு நின்றுகொண்டு வைக்கோல் மென்றது. "டீ குடிச்சிட்டுப் போண்ணே" என்று அனுப்பிவைத்தாள் தேவகி.

நீங்கள் மாற்றலாகிப் போன பிறகு அந்தக் கருவி அலமாரிக்குள் போய்விடுமோ என்று பயந்திருந்தேன். இன்று மருந்தகத்தை எட்டிப் பார்த்தேன். புது டாக்டர் அதில்தான் ஒரு ஆட்டின் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் கறீம் பாய், குழாயைச் சுற்றத் தோளில் துண்டோடு. மனம் லேசானது. இப்போதெல்லாம் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், யார் பொய் என்று நான் கேட்பதில்லை. விஷயம் எந்த வழியாக வந்தது என்று கேட்கிறேன்.

இதைப் படிப்பவர்களும் செய்து பாருங்கள்: பீட்ரூட்டில் இரண்டு துண்டு நறுக்கிக் கழுவி, ஒன்றை மட்டும் ஓர் இரவு ஃப்ரீஸரில் வைத்து எடுத்து, இரண்டையும் தனித்தனி டம்ளர் தண்ணீரில் போட்டு, எது அதிகம் சிவக்கிறது என்று பாருங்கள்.