தம்பியின் முகவரியிலிருந்து வந்த பதில்

அனுப்புநர்:
ஜெராக்ஸ் கடை நடத்துபவர்,
பேருந்து நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
இணையக் குற்றப் பிரிவு.

பொருள்: காணாமற்போன என் தம்பியின் மின்னஞ்சல் கணக்கைக் கைப்பற்றிப் பணம் பறிப்பவர் மீது நடவடிக்கை எடுக்கவும், கணக்கை முடக்குமுன் அதில் தம்பியின் தடயம் தேடவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பரிசு விழுந்திருக்கிறது, வங்கிக் கணக்கு முடங்கப்போகிறது என்று வரும் மின்னஞ்சல்களை அச்செடுக்கப் பலர் என் கடைக்கு வருவதுண்டு. அனுப்பியவரின் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள், அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள், உள்ளே இருக்கும் இணைப்பைத் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்புவது என் வழக்கம். இந்த மனுவை எழுதுபவள் விவரம் அறியாதவள் என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் குறிப்பிடுகிறேன்.

2. சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போன என் தம்பி, வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் இறங்கியவன் கப்பலுக்குத் திரும்பவில்லை. கப்பல் நிறுவனம் கையை விரித்துவிட்டது. எனக்கு மிஞ்சியது அவனுடைய மின்னஞ்சல் முகவரி மட்டுமே. வாராவாரம் அதற்கு எழுதிவந்தேன். அம்மாவின் முழங்கால் வலி, மாடி அறையின் ஒழுகல், கடையில் புது இயந்திரம் வாங்கியது என எல்லாம் எழுதுவேன். பல வருடங்களாகப் பதில் இல்லை.

3. சென்ற மாதம் பதில் வந்தது. முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். தம்பியுடையதேதான். "அக்கா, அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நான் ஆஸ்பத்திரியில இருக்கேன். போன் உடைஞ்சுபோச்சு. யார்கிட்டயும் சொல்லாதே. கீழே உள்ள இணைப்புல உடனே பணம் கட்டு" என்று இருந்தது. ஊருக்கெல்லாம் நான் சொல்லும் அடையாளங்கள் அதில் வரிசையாக இருந்தன. கண்ணில் பட்டன, மனத்தில் ஏறவில்லை. கடையைப் பாதியில் அடைத்துவிட்டு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா எழுந்துபோய் அவனுடைய சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டார்.

4. இணைப்பைத் தொடப் பயந்து, நேரில் கட்ட வழி உண்டா என்று கேட்க வங்கிக்குப் போனேன். அங்கிருந்த பெண் ஊழியர் மின்னஞ்சலைப் படித்துவிட்டு, "அவர் குரலைக் கேட்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். பணம் கட்டாமல் திரும்பினேன். சின்ன வயதிலிருந்து நீ என்னை எப்படிக் கூப்பிடுவாய் என்று கேட்டு எழுதினேன். "அதுக்கெல்லாம் இப்ப நேரமில்லை அக்கா" என்று பதில் வந்தது. ஐயா, என் தம்பி ஒருநாளும் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. வாலு என்றுதான் கூப்பிடுவான். கடிதங்களின் அடியில் 'அக்கா' என்று எழுதி முடித்தது நான். அவனுக்காக எழுதியதையெல்லாம் ஒரு திருடன் உட்கார்ந்து படித்திருக்கிறான்.

5. இதே கதையை நம்பித் தம்பியின் கப்பல் நண்பர் ஒருவர் பணத்தைப் பறிகொடுத்திருக்கிறார். அவருடைய புகாரையும் இணைத்துள்ளேன்.

6. திருடன் என்று தெரிந்த பிறகும் அவனுக்கு ஒருமுறை எழுதினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இந்தக் கணக்கு உன் கைக்கு எப்படி வந்தது, யாருடைய போனிலாவது இருந்ததா, அந்த ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டேன். திட்டவில்லை. பதில் வரவில்லை.

7. ஆகவே, குற்றவாளியைக் கண்டுபிடித்து மேலும் எவரும் ஏமாறாமல் தடுக்க வேண்டுகிறேன். கணக்கை முடக்குவதே முறை என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்கு முன், திருடனின் கைக்குப் போகுமுன் அது கடைசியாக எந்த ஊரில் திறக்கப்பட்டது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். என் கடிதங்களில் ஒன்றையாவது தம்பி திறந்து படித்தானா என்றும் தெரிந்தால் போதும். பதில் எழுதாததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

8. வந்தது தம்பியின் கடிதம் இல்லை என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கடையிலிருந்து வரும்போதெல்லாம், "அவன் மறுபடி எழுதினானா?" என்று கேட்கிறார். தங்களிடமிருந்து தகவல் வரும்வரை, "கேட்டிருக்கேம்மா" என்றே சொல்லிக்கொண்டிருப்பேன்.

இடம்: கடை
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
காணாமற்போனவரின் அக்கா