ஐம்பத்தொரு வயதுக் குரல்

இல்லை உம்மா, தொண்டை ஆறிவிட்டது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

அழைப்பு மையத்தில் ஆங்கில உச்சரிப்புக்கு ஒரு செயலி கொடுத்திருக்கிறார்கள். வயதைப் பதிந்துவிட்டு வாசித்தால் மதிப்பெண் தரும். பிறகு அதே வாக்கியத்தை நம் குரலிலேயே திருத்திச் சொல்லும். எண்பது வாங்காதவர்களுக்கு இம்மாதத்தோடு வேலை இல்லை.

என் அறைத்தோழி மப்ரூகா அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. அவர் மதிப்பெண் அறுபதையே தாண்டவில்லை. "கிழட்டு நாக்குடீ, வளையாது" என்று சிரிப்பார். நேற்று செயலி திருத்திச் சொன்னதைப் பதிந்து, அதற்கே போட்டுக் காட்டினார். ஐம்பத்தெட்டு.

"அது பேசினதுக்கே ஐம்பத்தெட்டா? அப்ப யாருடீ பாஸ் ஆவாங்க?"

நான் என் இருபத்தாறை அழித்து ஐம்பத்தொன்று என்று போட்டேன். முன்பு தொண்ணூறு வாங்கித் தந்த வாக்கியத்தையே வாசித்தேன். ஐம்பத்தெட்டு. பிறகு செயலி அதை, ஐம்பத்தொரு வயதாக்கிய என் குரலில் திருத்திச் சொன்னது. அது உங்கள் குரல், உம்மா. ஆங்கிலமே தெரியாத நீங்கள் பிசிறில்லாமல் பேசினீர்கள்.

பயப்பட ஒன்றுமில்லை. நம் ஊர் ஸ்ஃபாக்ஸிலிருந்து யாராவது இங்கே தோஹா வந்தால் ஹரிஸ்ஸா மிளகாய் விழுது கொடுத்தனுப்புங்கள். உங்கள் குரலையும் பதிந்து அனுப்புங்கள், என்னைத் திட்டினாலும் போதும்.

இடைவேளை முடியப்போகிறது. ஒரே வாக்கியத்துக்கு இரண்டு வயதில் நான் வாங்கிய இரண்டு மதிப்பெண்களையும் அச்செடுத்து, என் பெயரெழுதி, காலையிலேயே மேலாளர் மேசையில் வைத்துவிட்டேன்.

ராவியா