உன் குண்டெழுத்து

இன்று காலை புது பிளெக்ஸ் ரோலைப் பிரித்தேன். கடை முழுக்க அந்த நெடி. நீ இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஃபேன போடுடீ, தல சுத்துது" என்று கத்துவாய். கத்த ஆளில்லாமல் நானே எழுந்து போட்டேன்.

திண்டிவனத்தில் நாம் இருவரும் சேர்ந்து பேனர் கடை போட்ட புதிதில், கம்ப்யூட்டரில் இருந்த எழுத்தெல்லாம் உனக்குச் சோகை பிடித்தவை. வீணான பிளெக்ஸின் பின்பக்கத்தில் தடித்த மார்க்கரால் நீயே அகரத்திலிருந்து வரைந்தாய். அதை ஸ்கேன் செய்து ஃபாண்ட் ஆக்கியது நான். 'ண'வுக்கு மூன்று தொந்தி வைத்திருந்தாய். "வரைஞ்சவள மாதிரியே இருக்குது" என்றேன். அந்த மார்க்கராலேயே என் கன்னத்தில் கோடு இழுத்தாய். விசிட்டிங் கார்டில் சின்னதாகப் போட்டால் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொண்டு மைக்கறையாகிவிடும். பேனரில் ஏறினாலோ விழுப்புரம் பஸ்ஸில் வருகிறவர்கள் சன்னலிலிருந்தே படித்துவிடுவார்கள். காதுகுத்து, கபடிப் போட்டி, மல்லாட்டைக் கடலை மண்டி, எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்டார்கள்.

சாவு பேனருக்கு மட்டும் தரக்கூடாது என்றாய். "எங்கப்பாவுக்குக் கட்டுன பேனரு மூணு மாசம் தொங்கிச்சுடீ. பஸ்ல போவசொல்ல தெனம் பாத்து அழுதுக்கினே போவேன். என் எழுத்து யாரையும் அப்படி அழவெக்கக் கூடாது." உன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. உன் கண்ணீர் அஞ்சலியைக்கூட ஏதோ ஓர் ஒல்லி எழுத்தில்தான் போட்டேன். உன் எழுத்தையே கேட்டும் நான் தராததால் உன் அண்ணன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன மாதம் ஒலக்கூரிலிருந்து ஓர் அக்கா வந்தார். தொண்ணூறு தாண்டிய அவருடைய அப்பா இறந்திருந்தார். கல்யாணச் சாவு என்று மேளம், பட்டாசு எல்லாம் சொல்லியாகிவிட்டதாம். சுவரில் இருந்த கபடி பேனரைக் காட்டி, இந்த எழுத்துதான் வேண்டும் என்றார். முடியாது என்றேன்.

"அவரு கூட்டாளிங்க நாலு பேரு வருவாங்கம்மா. எல்லாருக்கும் கண்ணு மங்கல். அவரு பேர அவங்களே படிக்கணும். யாரும் படிச்சிக் காட்டக் கூடாது."

ஆர்டர் நோட்டை எடுத்தேன். "காரியம் முடிஞ்ச அன்னிக்கே நான் வந்து அவுத்துக்கினு போயிடுவேன், சம்மதமாக்கா?" என்றேன். சரி என்றார்.

நானே கூடப் போய்க் கட்டினேன். கிழவர்கள் நால்வரும் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று கூட்டாளியின் பெயரை உரக்கப் படித்தார்கள். "சினிமாக்காரன் மாதிரி பேரு போட்டுக்கினான் பாருடா!" என்று ஒருவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே உன்னைத் தேடியது மனம். காரியத்தன்று சொன்னபடி அவிழ்த்து எடுத்துவந்தேன்.

சத்தியத்தை மீறியதில் எனக்கு வருத்தமே இல்லை. உன்னை ஒல்லி எழுத்தில் அனுப்பிவைத்ததுதான் வருத்தம். முதல் வருஷ நினைவு நாளுக்கு, கண்ணீர் என்ற சொல்லே இல்லாமல், உன் பெயரை மட்டும் நாலடி உயரத்தில் கட்டப்போகிறேன். பொழுது சாய்ந்ததும் நானே அவிழ்த்துவிடுவேன். அதுவரைக்கும் ஊரே படிக்கட்டும்.