என்ஜின் சத்தம் கேட்க வா

மெக்கானிக் அம்மாவுக்கு,

சோறு மூடி வைத்திருக்கிறேன். அந்தப் பழைய குட்டி விமானத்தைத்தான் பார்க்கப் போகிறேன். நம் கையிருப்புக்கு வேறு எதுவும் படியவில்லை. பறக்க ஒன்று இல்லையென்றால் நமக்குப் பிழைப்பும் இல்லை.

ஆனால் நேற்று இறக்கைத் துணி நைந்திருக்கிறதென்று சும்மா சொன்னதற்கே, விற்கிறவன் பாதி விலைக்கு இறங்கிவிட்டான். முகம் சுளிக்காமல் இறங்குகிற வியாபாரியை நான் கண்டதே இல்லை. இருக்கை இரண்டு, இன்று ஓட்டிப் பார்க்க என்னை மட்டும் ஏறச் சொல்கிறான். அவன் கூட ஏற மாட்டானாம்.

"விலையக் கேட்டா போதுமா, என்ஜினக் கேக்க வேணாமா?" என்று நேற்று நீ கத்தியது சரிதான். மீதிக் கோபத்தை அங்கே வந்து காட்டு. ஸ்கூட்டர் சாவி சோற்றுப் பானை மூடிமேல்.

பி.கு. நீ வரும்வரை ஏற மாட்டேன், பேரம் பேசிக்கொண்டே இருப்பேன். சீக்கிரம் வா, எவ்வளவு நேரந்தான் வாயாலேயே பறப்பது?