அம்மாவின் முகத்துக்குக் கேட்ட வெளிச்சம்

வாய் ஓயாத என் அம்மாவுக்கு,

உன் முதல் தெவசம் நெருங்குகிறது. சுவரில் மாட்ட ஒரு படம் தேடினோம். படங்கள் நிறைய இருக்கின்றன அம்மா, முகம்தான் ஒன்றிலும் இல்லை. மெயின்லேண்டில் இருக்கும் சித்திக்கு நம் தீவுக் கடலைக் காட்ட வேண்டும் என்று அண்ணன் எப்போதும் உன்னைக் கடலுக்கு முன்னால் நிறுத்துவான். வானத்துக்கு ஏற்றபடி கேமராவில் வெளிச்சத்தை வைப்பான். வானம் பளிச்சென்று விழும், நீ அதன் முன்னால் வெறும் இருட்டு.

கட்சால் தீவின் ஜெட்டியில் அவன் எடுத்த படத்தை இங்கே டவுனில், லம்பா லைனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, முகம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் ஏற்றித் தரச் சொன்னேன். மாலையில் போனால் படத்தில் வானம் அதே நீலத்தில் இருந்தது. அதன் முன்னால் கோதுமை நிறத்தில் யாரோ ஒரு அம்மாள்.

"இது யாரு?"

"அரே தீதி, ஒங்க மம்மிதான்! கொஞ்சம் கோரா பண்ணேன். ஸ்கை பாருங்க, ஏக்தம் கிளியர்."

"நான் வெளிச்சம்தானே கேட்டேன்? வெள்ளையாக்கச் சொன்னேனா?"

"எல்லாரும் இப்படித்தான் கேக்குறாங்க, தீதி."

எல்லாரும் என்றால் யார்? ரப்பர் தோட்டத்தில் நீ உழைத்து வாழ்ந்த உடம்பின் நிறம் அது. இருட்டில் விழுந்த முகமும் கறுத்த முகமும் ஒன்றுதான் என்று இவர்களுக்கு யார் சொன்னது? இருட்டு, படம் எடுத்தவன் செய்த பிழை. கறுப்பு உன்னுடையது.

வீட்டில் அண்ணனும், "அழகாத்தானே இருக்கு, விடு பாப்பா" என்றான்.

"அப்ப அம்மா அழகா இல்லையா?" என்று கத்தினேன்.

நானே உட்கார்ந்தேன். பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, வெளிச்சத்தை மெல்ல ஏற்றினேன். உன் கன்னத்தில் படம் புள்ளி புள்ளியாகச் சிதறியது. வானம் வெளுத்தது, கடல் அதில் கரைந்தே போயிற்று. போகட்டும் என்று விட்டேன். என் கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அந்த நிறம் வந்ததும் நிறுத்தினேன்.

அண்ணன் பின்னால் வந்து நின்றான். "அம்மா என்னையத் திட்டுது, பாரு" என்றான். ஆமாம், உன் வாய் திறந்திருந்தது. அன்றைக்கு அவனை என்னம்மா சொன்னாய்? அவனுக்கு நினைவில்லையாம்.

"கடல் எங்கடி?" என்று சித்தி கேட்பாள், கேட்கட்டும். தெவசத்தன்று சுவரில் இந்தப் படம்தான் இருக்கும். நான் இருக்கும் வரை உன்னை ஒருவரும் வெளுக்க விடமாட்டேன்.

உன் நிறத்திலேயே பிறந்த,
சின்ன மகள்